கொல்லைக் கொட்டாயும் நாலு வகைப் பசையும்

கூரை ஒழுகுதுன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்களேன்.

நீங்க வாயை மூடுறதுக்குள்ள ஒரு பசையோட பேர் வந்து விழும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்னு சொல்வார். ஹார்டுவேர் கடைக்காரர் இன்னொன்னு எடுத்து மேசைமேல வைப்பார். கல்யாணப் பந்தியில பக்கத்துல உக்காந்தவர், ரசம் வர்றதுக்குள்ள மூணாவதா ஒன்னு சொல்லிடுவார். ("எழுதி வச்சுக்கோங்கம்மா, மறந்துடுவீங்க. ஒரு தடவ தடவினா ஜென்மத்துக்கும் ஒழுகாது.")

ஆனா "அந்த ஓட்டை ஏன் வந்துச்சு?"ன்னு ஒரு ஆள் கேக்கணுமே! ம்ஹூம்.

எனக்கு எரிச்சல் வந்ததே அங்கதான். அந்த எரிச்சல்ல எழுதுற பதிவு இது. கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கிட்டு வாங்க.

எங்க வீடு கடலூர் பக்கம். கொல்லையில ஒரு கொட்டாய். 12 அடி நீளம், 10 அடி அகலம். நாலு பக்கமும் திறப்பு. நாலு இரும்பு பைப் கால், மேல மூணு நீலக் கலர் ஷீட். அவ்ளோதான் சமாச்சாரம். ஆனா வீட்டுல ஹாலை விட அதுக்குத்தான் அடிதடி. அத்தைக்கு முருங்கைக்கீரை உருவ அந்த இடம் வேணும். எனக்கு நாத்துப் பை அடுக்க வேணும். வீட்டுக்காரருக்குப் பேப்பர் படிக்கிறேங்கிற பேர்ல தூங்க வேணும்.

முன்னாடி அங்க இருந்தது கீத்துக் கொட்டாய். மாமனார் கட்டினது. சவுக்குக் கால், மூங்கில், மேல தென்னங்கீத்து. 2011 டிசம்பர் 30 அன்னிக்குக் காலையில தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சே, அன்னிக்குக் கீத்து மொத்தமும் போயிடுச்சு. (பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கெடந்தப்ப, கொட்டாய்க்கு யார் அழுவா?) ஆனா ஒன்னு. சவுக்குக் கால் நாலும் அசையாம அப்படியே நின்னுச்சு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வேணும்.

அதுக்கப்புறம் வந்ததுதான் இந்த இரும்புக் கொட்டாய். "இரும்பும்மா, இனிமே கவலையே இல்ல"ன்னு போட்டவர் சொல்லிட்டுக் காசு வாங்கிட்டுப் போனார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் வந்துச்சு. புதுச்சேரி பக்கத்துல கரையேறி, நகராம அங்கயே உக்காந்துக்கிட்டுக் கொட்டுச்சு. புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. எங்க கொட்டாய் பறக்கல. அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா அதுக்கப்புறம் சின்னத் தூத்தலுக்குக்கூட உள்ள உக்கார முடியல.

உடனே ஆரம்பிச்சுது பசைப் படலம்.

முதல்ல, கொட்டாய் போட்டவரே வந்து, ரெண்டு நிற மாவைச் சேத்துப் பிசைஞ்சு ஒவ்வொரு ஸ்க்ரூ தலைமேலயும் உருண்டையா அப்பிட்டுப் போனார். கல்லு கணக்கா இறுகிப்போச்சு. அதுதான் வினையே. ஷீட் வெயில்ல விரியும், ராத்திரி சுருங்கும். இது விரியாது, சுருங்காது. ரெண்டும் ஒத்துப்போகல. உருண்டையைச் சுத்தி முடி அளவுக்கு ஒரு விரிசல். அந்த விரிசல் போதும் தண்ணிக்கு.

அடுத்து என் தம்பி. சிலிக்கான் துப்பாக்கியோட வந்தான். அடிக்க அடிக்க ஊறுகாய்க் கடை நெடி. அந்த நெடியை நம்ம ஆளுங்க சட்டையே பண்றதில்ல. ஆனா விஷயம் அதுலதான் இருக்கு. சில வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிய விடும். வினிகர்ல இருக்கிற அதே அமிலம்தான். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் அது பிரச்சனை இல்ல. துத்தநாகப் பூச்சு இருக்கிற தகட்டு மேல வச்சா, பூச்சையே அரிச்சிடும். தகட்டுக்கு வாங்கறதா இருந்தா, டியூப் மேல "நியூட்ரல்"னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. அதுல இந்த நெடி இருக்காது. தம்பி அடிச்ச இடத்தைப் பின்னாடி சொரண்டிப் பாத்தா, கோடு போட்டாப்புல துரு. (தம்பி இந்தப் பதிவைப் படிப்பான். படிக்கட்டும்.)

மூணாவது, வெள்ளித்தாள் ஒட்டின தார் டேப். நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். நல்லா தேச்சுக் கழுவி, காயவச்சு, அழுத்தி ஒட்டினா நல்லாவே பிடிக்குது. எங்க வீட்டுல ஒட்டினவர் வேப்பஞ்சருகு மேலயே ஒட்டிட்டார். ஒரு வாரத்துல ஓரம் கிளம்பிடுச்சு. கிளம்பின ஓரத்துக்குள்ள தண்ணி போய், வெளிய வர வழியில்லாம அங்கயே நின்னு ஊறுது.

நாலாவது எங்க வீட்டுக்காரரோட கண்டுபிடிப்பு. மொத்தக் கூரைக்கும் மேல ஒரு தார்ப்பாய், அது பறக்காம இருக்க மூலைக்கு ரெண்டு செங்கல்.

புயல் வர்ற ஊர்ல, கூரைமேல, செங்கல்!

அன்னிக்கே ஏறி இறக்கிட்டேன். காத்துல பறக்கிற தகட்டை விட, காத்துல பறக்கிற செங்கல் யார் தலைமேல விழும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி. பசை எல்லாம் போதும், தண்ணி எங்க வழியா வருதுன்னு மொதல்ல பாப்போம்னு முடிவு பண்ணேன்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சொட்டுற இடம் வேற, ஓட்டை இருக்கிற இடம் வேற. மேல ஒரு ஓட்டையில இறங்கின தண்ணி, ஷீட்டோட அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டே சரிவுல வரும். குறுக்கே ஒரு பைப் வந்தா அதுல ஏறி அதோட கீழ் ஓரத்துலயே நடக்கும். எங்க வெல்டிங் பிசிறு துருத்திக்கிட்டு இருக்கோ அங்க வந்து விழும். நீங்க அந்த இடத்துக்கு நேர் மேல ஏறி அடைச்சீங்கன்னா, ஒரு தப்பும் பண்ணாத ஷீட்டைத் தண்டிக்கிறீங்கன்னு அர்த்தம்.

மத்தியானம் உச்சி வெயில்ல உள்ள நின்னு மேல பாத்தா பாதி வேலை முடிஞ்சுடும். ஓட்டை இருக்கிற இடத்துல ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரியும். சாக்பீஸால வட்டம் போட்டுடுங்க. வெளிச்சத்துக்குத் தெரியாம தண்ணிக்கு மட்டும் வழிவிடுற இடம் சிலது உண்டு. அதுக்கு ஹோஸ் பைப். கீழ் ஓரத்துல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா மேல போகணும். மேலேருந்து ஆரம்பிச்சா எல்லாமே நனைஞ்சுடும், எது குத்தவாளின்னு தெரியாது.

நான் ஏணியில ஹோஸோட. கீழ அத்தை நாற்காலி போட்டுக்கிட்டு.

"அத்தை, சொட்டுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லடி."

"இப்ப?"

"என் தலைமேலதான் சொட்டுது. எந்திரிக்கணுமா, இப்படியே இருக்கணுமா?"

அவங்க நனைஞ்சாலும் எந்திரிக்காம கையால மேல காட்டிக்கிட்டே இருந்தாங்க. இந்த மாதிரி ஒரு உதவியாள் கூலிக்குக் கிடைக்க மாட்டாங்க.

கிடைச்ச தகவல் இதுதான். ஸ்க்ரூ வழியா வர்றது பாதி. ரெண்டு ஷீட்டும் ஒன்னு மேல ஒன்னு ஏறுற ஒட்டு வழியா வர்றது மீதி. வடக்குப் பக்கம், அதாவது உயரமான பக்கத்து நுனியில, சாரல் நேரா உள்ள அடிக்குது. அது தனி.

ஸ்க்ரூவைக் கழட்டிப் பாத்தேன். தலைக்குக் கீழ ஒரு ரப்பர் வாசர் இருக்கும். அதுதான் தண்ணியைத் தடுக்கிற ஒரே காவல்காரன். நல்ல ஸ்க்ரூல ஈ.பி.டி.எம்.னு ஒரு செயற்கை ரப்பர் போடுவாங்க, வெயிலைத் தாங்கும். மட்டமானதுல வெயில் பட்டுப்பட்டு வெடிச்சுப்போகும். எங்களோடது விரல்ல தேச்சா தூளா உதிர்ந்துச்சு. அதோட சில ஸ்க்ரூவை முறுக்கோ முறுக்குன்னு முறுக்கி, வாசரையே நசுக்கி வெளிய தள்ளியிருந்தாங்க. சிலது கோணலா ஏறியிருந்துச்சு.

சரி, புது ஸ்க்ரூ போட்டுட்டா முடிஞ்சுது, அப்படித்தானே?

வேலைக்குக் கூப்பிட்ட பட்டறைத் தம்பியும் அதையேதான் சொன்னான். "ஸ்க்ரூ மாத்திடலாங்க்கா. அரை நாள் வேலை."

"தம்பி, மொதல்ல அந்தக் காலைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாரேன்."

ஆட்டினான். மொத்தக் கொட்டாயும் கிறீச்சுனு ஒரு பக்கம் போயிட்டு வந்துச்சு. ஷீட்டுங்க ஒன்னோட ஒன்னு உரசுற சத்தம். ஸ்க்ரூ கழட்டின ஓட்டையை மேல ஏறிப் பாத்தவன் கொஞ்ச நேரம் பேசல. வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை எல்லாம் நீள்வட்டமா ஆயிருந்துச்சு.

நான் சொல்ல வந்ததே இதுதாங்க. நம்ம ஊர்க் கொட்டாயில முக்காவாசி ஒழுகலுக்குக் காரணம் ஆட்டம். கூரை ஆடுது. ஆடுறப்ப ஸ்க்ரூ ஓட்டையை அராவுது. ஓட்டை பெருசாகுது. அதுக்கு மேல நீங்க எவ்வளவு விலை உயர்ந்த பசையை வச்சாலும், அடுத்த காத்துக்கு அது பிய்யும். ஆட்டத்தை நிறுத்தாம அடைச்சா, காசுதான் சொட்டும்.

ஆட்டம் எங்கேருந்து வருது? ரெண்டு வழி.

ஒன்னு வெயில். நீல ஷீட் மத்தியானம் தொட்டா கை பொத்துப்போகும். ராத்திரிக்கும் மத்தியானத்துக்கும் தகட்டுல ஒரு 40 டிகிரி வித்தியாசம்னு வச்சுக்கோங்க. 12 அடி இரும்புத் தகடு அதுக்குக் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும். அடியில இருக்கிற பைப் நிழல்ல இருக்கு, அவ்வளவு நீளாது. நடுவுல மாட்டிக்கிட்டது ஸ்க்ரூ. தினம் ஒரு தடவ போகுது, ஒரு தடவ வருது. வருஷக்கணக்கா.

இதை நிறுத்த முடியாது. வெயிலைக் கட்டிப்போட முடியுமா? ஆனா 12 அடியில ரெண்டு மில்லிமீட்டர்ங்கிறதை நல்ல ரப்பர் வாசர் தாங்கிக்கும்.

ரெண்டாவது காத்து. இதுதான் பெரிய கை.

கூரைன்னா நாம என்ன நினைக்கிறோம்? மேல இருக்கிற கனத்தைத் தாங்கணும், கீழ விழாம இருக்கணும். கான்கிரீட் மாடிக்கு அது சரி. நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டாய்க்கு அப்படியே தலைகீழ். அது மேல போகாம இருக்கிறதுதான் பாடு. காத்து மேல வேகமா போகும்போது கூரையை மேல இழுக்கும். அதே காத்து திறந்த பக்கமா உள்ள நுழைஞ்சு அடியிலேருந்து மேல தள்ளும். பெருங்காத்துல குடை பிடிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் கணக்கு போடுவோம். (பயப்படாதீங்க, நாலு வரிதான்.) நம்ம நாட்டுல கட்டடத்துக்குக் காத்துக் கணக்கு போட ஐ.எஸ். 875, மூணாம் பாகம்னு ஒரு விதி நூல் இருக்கு. அதுல சென்னைக்கு அடிப்படைக் காத்து வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். கடலூர்க்காரியா இருந்துக்கிட்டு, தானேவைப் பாத்துட்டு, அதுக்குக் குறைச்சு எடுத்துக்க எனக்கு மனசு வரல. அந்த வேகத்துல ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் வரும். எங்க கூரை 11 சதுர மீட்டர். பெருக்குங்க. ஒன்னரை டன்னுக்கு மேல. கூரையோட சரிவு, திறப்பைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனா அளவு அதுதான்.

மூணு ஷீட்டோட மொத்த எடை? 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அவ்ளோதான்!

அம்பது கிலோ சாமானை ஒன்னரை டன் மேல தூக்கப் பாக்குது. அதைப் பிடிச்சு நிறுத்துறது ஸ்க்ரூ, ஸ்க்ரூவைப் பிடிக்கிறது பைப், பைப்பைப் பிடிக்கிறது கால், காலைப் பிடிக்கிறது மண்ணு.

மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு தோண்டிப் பாத்தோம். பைப் காலுக்கு அடியில ஒரு சின்னத் தகடு. அதைச் சுத்தி ஒரு சாண் கான்கிரீட்டு. அதுவும் அரைகுறை. மண்மட்டத்துல தண்ணி நின்னு நின்னு பைப் துரு ஏறி, ஸ்க்ரூ டிரைவரால குத்தினா உள்ள போகுது.

மாமனார் சவுக்குக் காலை மூணடிக்குப் புதைச்சிருந்தார். அவருக்கு ஐ.எஸ். நம்பர் எதுவும் தெரியாது.

ஆக வேலை கீழேருந்து ஆரம்பிச்சுது. கூரை ஒழுகலைச் சரி பண்ணக் கடப்பாரை எடுத்த ஒரே குடும்பம் நாங்களாத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் செவுத்து மேலேருந்து எட்டிப் பாத்துட்டு, "கூரைதானே ஒழுகுது?"ன்னு கேட்டார். ஆமாங்கன்னேன்.

ஒவ்வொரு காலா எடுத்துக்கிட்டோம். பக்கத்துல சவுக்கு முட்டு கொடுத்துட்டு, அந்தக் காலைச் சுத்தி ஒன்னரை அடி சதுரம், ரெண்டடி ஆழம் குழி. துருப் பிடிச்ச அடிப்பாகத்தை வெட்டி எறிஞ்சுட்டு, கனமான புது பைப்பை வச்சு வெல்டு. அதுல குறுக்கே கம்பித்துண்டு வச்சு வெல்டு, கான்கிரீட்டுக்குள்ள கொக்கி போட்டு நிக்கிறதுக்கு. அப்புறம் கான்கிரீட். அந்த அளவு குழிக்கு ஒன்னு ஏறக்குறைய 300 கிலோ வரும். நாலு கால் சேந்தா 1200. சுத்தி இருக்கிற மண்ணோட பிடிப்பு வேற. கான்கிரீட்டை மண்மட்டத்துக்கு மேல ரெண்டு விரக்கடை ஏத்தி, பைப்பைச் சுத்தி வெளிப்பக்கமா சரிவு கொடுத்தோம். தண்ணி பைப் ஓரத்துல நிக்கக் கூடாது.

அடுத்தது குறுக்கு முட்டு. காலும் மேல் பைப்பும் சேர்ற மூலையில கோணலா ரெண்டடித் துண்டு. ரெண்டு திசைக்கும். நாலு மூலைக்கும் எட்டுத் துண்டு. சதுரத்தைத் தள்ளினா சாயும், முக்கோணம் சாயாது. இந்த எட்டுத் துண்டை வச்சதும் பட்டறைத் தம்பி மறுபடி காலைப் பிடிச்சு ஆட்டினான். அவன்தான் ஆடினான்.

எல்லாரும் பாத்துப் பாத்துச் சிரிச்சோம்.

மேல குறுக்கே போற பைப் முன்னாடி மூணே மூணுதான் இருந்துச்சு. ஆறடிக்கு ஒன்னு. அரை மில்லிமீட்டர் தகடு ஆறடி இடைவெளியைத் தாண்டறப்ப காத்துல படபடன்னு அடிக்கும், கேட்டிருப்பீங்க. நடுவுல ரெண்டு பைப் சேத்து மூணடிக்கு ஒன்னாக்கினோம். காத்து இழுப்பு கூரையோட ஓரத்துலயும் மூலையிலயும்தான் அதிகம். அதனால அங்க ஸ்க்ரூவையும் நெருக்கிப் போட்டோம்.

அப்புறம் வாட்டம். இந்தக் கொட்டாய்க்கு 12 அடி நீளத்துல மொத்தமே நாலு இஞ்ச் இறக்கம் கொடுத்திருந்தாங்க. கண்ணுக்கு அழகா, தட்டையா, மாடர்னா இருக்கும். தண்ணிக்கு ஓடவா நிக்கவான்னு குழப்பம். மெதுவா ஓடுற தண்ணி ஒட்டுக்குள்ள ஏறும். ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கிற மெல்லிய இடுக்கு தண்ணியை மேல்நோக்கியே உறிஞ்சும். ஒட்டு வழியா ஒழுகினதுக்கு இதுவும் காரணம். அடிக்கு ஒரு இஞ்ச் இறக்கம் வேணும்ங்கிறது என் கட்சி. அதுவே கிட்டத்தட்ட அஞ்சு டிகிரிதான். வடக்குக் கால் ரெண்டையும் எட்டு இஞ்ச் ஒசத்தினோம். முடிஞ்சுது.

(கீத்துக் கொட்டாய் எவ்வளவு செங்குத்தா சரியும்னு பாத்திருக்கீங்களா? கீத்து தண்ணியைத் தடுக்கிறதில்ல, சீக்கிரம் ஓட வைக்குது. அவ்ளோதான் அதோட வித்தை. தகரம் வந்ததும் நாம அந்த வாட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டோம்.)

இப்பதான் ஷீட்டுக்கே வர்றோம்.

பழைய ஷீட்டையே திருப்பிப் போட்டோம். தகடு நல்ல தகடுதான். கால்வால்யூம்னு சொல்ற வகை, பூச்சுல 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். சிலிக்கான் அரிச்ச இடங்களை மட்டும் தேச்சுத் துத்தநாக ப்ரைமர் அடிச்சோம்.

போடுற வரிசை முக்கியம். எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குக் காத்தோட வரும். முன்னாடி போட்டவர் ஒட்டோட வாய் கிழக்கைப் பாத்து இருக்கிறாப்புல போட்டிருந்தார். சாரலுக்குக் கதவைத் திறந்து வச்சாச்சு! இந்தத் தடவ மேற்கு ஓரத்துல ஆரம்பிச்சு, அடுத்த ஷீட்டை அது மேல ஏத்தி, கிழக்கே வந்து முடிச்சோம். இப்ப ஒட்டோட வாய் மேற்கைப் பாக்குது. புயல்ல காத்து திசை மாறி மாறி அடிக்கும்ங்கிறது தெரிஞ்சதுதான். அதுக்காக ஒட்டுக்கு நடுவுல பியூட்டைல் டேப். இது காயாது, இறுகாது. தகடு நகர்ந்தா அதுவும் கூடவே இழுபடும். பாருங்க, பசைக்கும் ஒரு இடம் இருக்கு. ரெண்டு தகட்டுக்கு நடுவுல. ஓட்டைக்கு மேல இல்ல.

ஸ்க்ரூ. பழைய ஓட்டைங்க பெருசாயிட்டதால 5.5 மில்லிமீட்டர் இருந்த இடத்துல 6.3 மில்லிமீட்டர், அகலமான வாசரோட. புது பைப்புக்கு மட்டும் 5.5. எல்லாமே ஷீட்டோட மேட்டுல. பள்ளத்துல போட்டா இறுக்கமா உக்காரும், சீக்கிரமா வேலை முடியும், அதான் பல பேர் அங்க போடறாங்க. ஆனா தண்ணி ஓடறதே பள்ளத்துலதான். மேட்டுல போட நீளமான ஸ்க்ரூ வேணும், மேடு நசுங்காம கை நிதானம் வேணும். வாசரோட ரப்பர் மூடியோட ஓரத்துலேருந்து லேசா எட்டிப் பாக்கிற அளவுக்கு முறுக்கணும். அதுக்கு மேல போகக் கூடாது. பட்டறைத் தம்பி டிரில்லை வச்சு விர்ருனு ஒரே அமுக்கா அமுக்கிற ஆளு. கடைசி ரெண்டு சுத்து கையால போடுன்னேன். மொறைச்சான். போட்டான்.

வெட்டுறதுக்கு கிரைண்டர் வேணாம்னும் சொன்னேன். அந்தப் பொறி பறக்கிற இடமெல்லாம் பூச்சு கருகும், அப்புறம் வெட்டின விளிம்புலேருந்து துரு நடந்து வரும். தகடு வெட்டுற கத்திரி போதும். டிரில் போட்ட இரும்புத்தூளை அன்னிக்கே கூட்டித் தள்ளிடணும். ராத்திரி பனியில நனைஞ்சா காலையில ஷீட் முழுக்கச் செம்புள்ளி.

அப்புறம் வடக்கு நுனி. சாரல் உள்ள அடிச்சுதே, அதுக்கு ஒரு காசு செலவில்லாத வைத்தியம். உயரமான நுனியில ஒவ்வொரு பள்ளத்தோட விளிம்பையும் குறடால மேல்பக்கமா மடக்கிவிட்டோம், ஒரு இஞ்ச். காத்து தண்ணியைத் தள்ளிக்கிட்டு வந்தாலும் அந்த வரப்பைத் தாண்டாது. தாழ்வான நுனியில அதையே கீழ்ப்பக்கமா மடக்கிவிட்டோம். இல்லன்னா தண்ணி விளிம்புல விழாம, அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி உள்ள வரும். மொத்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த மடக்கல்தான். இதுக்கு ஒரு பசைக்காரரும் விளம்பரம் கொடுக்க மாட்டார்.

வீட்டுச் செவுத்தை ஒட்டி ஷீட் இறக்கியிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. செவுத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல சிமெண்ட் கலவை வச்சுப் பூசாதீங்க. ஈரச் சிமெண்டோட காரம் அந்த அலுமினியப் பூச்சைத் தின்னுடும். தகட்டுலயே எல் வடிவத்துல மடக்கிச் செவுத்துல பதிச்சு மூடணும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வச்சிருக்கிறவங்க இந்தப் பதிவுல இருக்கிற எதையும் அப்படியே செய்யாதீங்க. அது மேல கால் வச்சா உடையும், தேச்சா, துளை போட்டா வர்ற தூசி நுரையீரலுக்கு எமன். தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

இரும்பு ஷீட்டுலயும் நடுவுல ஏறி நடக்காதீங்க. அடியில பைப் போற கோட்டுல பலகை போட்டு, அது மேலதான். ஸ்க்ரூ வரிசை இருக்கு பாருங்க, அதுதான் பைப் போற கோடு.

வேலை வச்சுக்கிட்டது பங்குனியில. ஆடியில வச்சுக்கலாம்னு வீட்டுக்காரர் சொன்னார். ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், நான் 12 அடித் தகட்டைத் தூக்கிக்கிட்டு ஏணியில நிக்கணுமாம். பங்குனியில ஒரே கஷ்டம், பத்து மணிக்கு மேல ஷீட்டைத் தொட முடியாது. விடிஞ்சதும் ஆரம்பிச்சு வெயில் ஏறினதும் இறங்கிடுவோம்.

கோடை மழை ஒன்னு நல்லா அடிச்சுது. எல்லாரும் உள்ள போய் உக்காந்தோம். சத்தம் காதைப் பொளக்குது, ஆனா ஒரு சொட்டு இல்ல. ஐப்பசியும் தாண்டிடுச்சு.

மார்கழியில ஒரு நாள் விடிகாலையில அத்தை எழுப்பினாங்க. "ஒழுகுதுடி. இவ்ளோ செலவு பண்ணி, மழையே இல்லாம ஒழுகுது."

போய்ப் பாத்தா நிஜமாவே சொட்டுது. வானத்துல மேகம் கிடையாது.

அது ஒழுகல் இல்லைங்க. ராத்திரி ஷீட் ஜில்லுனு ஆயிடுது. ஈரக் காத்து அடிப்பக்கத்துல பட்டுத் தண்ணியா மாறி, சேந்து சேந்து சொட்டுது. வெயில் வந்தா நின்னுடும். இதுக்கு ஓட்டை தேடிப் போறவங்க எத்தனை பேரோ! ஷீட்டுக்கு அடியில வெப்பத்தைத் தடுக்கிற பஞ்சுப் படலம் ஒட்டினா குறையும். நான் ஒட்டல. மார்கழிக் காலையில ஆறு மணிக்கு அங்க போய் உக்கார எங்க வீட்டுல அத்தையைத் தவிர ஆளில்ல.

தண்ணி பத்தி ஒன்னு விட்டுட்டேன். 11 சதுர மீட்டர் கூரையில ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா 110 லிட்டர். ஃபெங்கல் அன்னிக்குப் பெஞ்சாப்புல 45 சென்டிமீட்டர் பெஞ்சா 5000 லிட்டர். ஒரு சின்னத் தண்ணி லாரி! அத்தனையும் தெக்கு ஓரத்துல ஒரே கோட்டுல விழுந்தா, நம்ம புதுக் கான்கிரீட்டுக்குப் பக்கத்துலயே மண்ணு அரிச்சுப் போகும். அதனால தெக்கு ஓரத்துல பாதியா அறுத்த பி.வி.சி. பைப், அதுலேருந்து வாழைக்கு ஒரு வழி. பைப்புல வேப்பஞ்சருகு அடைக்காம வாரம் ஒரு தடவ கையை விட்டு எடுக்கணும். அந்த வேலை யாருதுன்னு வீட்டுல இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.

இப்போதைக்கு வேற ஒரு பஞ்சாயத்து. கொட்டாய் இப்ப ஆடாம கல்லாட்டம் நிக்குதாம், அதனால அத்தைக்கு அது மேல பூசணிக்கொடி ஏத்தணுமாம். வெயிலுக்குக் குளிர்ச்சியா இருக்குமாம். இலை உதிர்ந்து பள்ளத்துல அடைஞ்சு, ஈரம் காயாம நின்னு, ஒரே வருஷத்துல தகடு போயிடும்னு நான் சொல்லிப் பாத்துட்டேன். "கீத்துக் கொட்டாய் மேல ஏத்தலையா?"ங்கிறாங்க. கீத்தை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தினோமே அத்தைன்னா, "அப்ப இதையும் மாத்து"ங்கிறாங்க. சவுக்கு மீதி கெடக்கு, பக்கத்துலயே தனியா ஒரு பந்தல் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். விதை ஏற்கனவே ஊனிட்டாங்க. கொட்டாயோட வடகிழக்குக் காலுக்குப் பக்கத்துல.